கதவை மூடிப் பார்த்தேன்

அன்புள்ள குண்டூசிக்கு,

நீ அங்கே நன்றாக இருக்கிறாய் என்று நினைத்துக்கொண்டுதான் எழுத உட்கார்ந்தேன். நானும் நன்றாக இருக்கிறேன் என்று எழுத வேண்டும், எழுதிவிட்டேன், நம்புவதும் நம்பாததும் உன் இஷ்டம். சாப்பிடுகிறேன், தூங்குகிறேன், வேலைக்குப் போகிறேன், நான் பார்க்கும் லிஃப்ட்டுகள் எல்லாம் வழக்கம்போல மேலேயும் கீழேயும் போய்வருகின்றன. சனிக்கிழமை உன்னிடம் பேசிக்கொண்டிருக்கும்போதே பட்டென்று போனை வைத்தேன், அதற்கப்புறம் நீ அடித்தபோது எடுக்கவும் இல்லை, காமர்ஸுக்கு மாறாதே, கடிதம் வருகிறது என்று மெசேஜ் மட்டும் அனுப்பினேன். உன் மேல் கோபம் என்று நினைத்திருப்பாய். இல்லை. நீ ஒரு கேள்வி கேட்டாய், அதற்குப் பதில் தெரியாமல் உன்னிடம் வாயைத் திறக்கக் கூடாது என்று இருந்தேன். இப்போது தெரியும். போனில் சொன்னால் பாதியில் நீ அழுவாய், ஆளுக்கொரு ஊரில் மூக்கை உறிஞ்சிக்கொண்டிருப்போம். அதனால்தான் காகிதம். காலையில் எதையாவது சாப்பிட்டுவிட்டுப் படி.

வீட்டில் விசேஷமாக ஒன்றும் இல்லை. சமையலறைக் குழாய் சொட்டுவதை நிறுத்திவிட்டேன். அத்தை வாரத்தில் பாதி நாள் வந்து பாத்திரத்தை உருட்டிவிட்டுப் போகிறாள். கிளம்பும்போது வாசலில் நின்று என் கையைப் பிடித்துக்கொண்டு "ஒரே ஒரு விஷயம்டா" என்று ஆரம்பித்தால் அரை மணி நேரம், உனக்குத்தான் தெரியுமே. அந்த ஒரே விஷயம் இப்போதெல்லாம் என் கல்யாணம். "ஒனக்கு இன்னும் தலைகூட நரைக்கல, சின்னப் பையன்டா நீ" என்கிறாள். போன வாரம் வாசலில் கிடந்த உன் அம்மாவின் செருப்பை எடுத்து உள்ளே வைத்துவிட்டாள், நான் எடுத்து மறுபடி வாசலில் வைத்தேன், மறுநாள் வந்து பார்த்துவிட்டு அதைத் தாண்டி உள்ளே போனாள். எனக்கு அழுகையும் வருவதில்லை, பசியும் வருவதில்லை, நாக்கில் உப்பு புளிப்பு எதுவும் ஏறுவதில்லை. ஒன்றே ஒன்று மட்டும் உள்ளே சூடாக இருந்தது. அது என்ன என்று உனக்குத் தெரியும்.

உன் அம்மா வேலை பார்த்த ஆராய்ச்சி நிலையத்தில் வருஷத்துக்கு ஒரு நாள் பொதுமக்களை உள்ளே விடுவார்கள் அல்லவா, உன்னைத் தோளில் உட்கார வைத்துக் கூட்டிப்போவேனே, மைக்ராஸ்கோப்பில் வெங்காயத் தோலைப் பார்த்துவிட்டு வந்து வீட்டில் இருந்த வெங்காயத்தையெல்லாம் உரித்துப் போட்டாயே, அந்த நாள். இந்த வருஷமும் பஸ் ஸ்டாப்பில் போஸ்டர் ஒட்டியிருந்தார்கள். கேளுங்கள், தொடுங்கள், நம்பாதீர்கள், சோதித்துப் பாருங்கள் என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. அதைப் படித்துக்கொண்டே என் பஸ்ஸை விட்டுவிட்டேன். நம்பாதீர்கள் என்று அவர்களே சொல்கிறார்கள், சரி, வருகிறேன் என்று முடிவு செய்தேன். அறிவை வளர்க்கப் போகவில்லை, குண்டூசி. பழி வாங்கப் போனேன். உன்னிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது.

உனக்குத் தெரிந்ததுதான், ஆனாலும் வரிசையாக எழுதினால்தான் எனக்குக் கோவையாக வரும். அவள் நாள் முழுக்க அந்த லேபில் ஹூட் முன்னால், ஆவியை உறிஞ்சி மேலே அனுப்ப வேண்டிய அந்தக் கண்ணாடிப் பெட்டி முன்னால் நின்று மொத்தத் துறைக்கும் திராவகம் கலந்து கொடுத்தாள். ஆவி முகத்தில் அடிக்கிறது என்று அவள் சொன்னபோதெல்லாம் லேபின் தலைவர் ஆள் அனுப்பி அளக்கச் சொன்னார், அளந்தபோதெல்லாம் சரியாக இருந்தது. எல்லாம் நார்மல் என்றார். எதற்கெடுத்தாலும் அதையே சொல்கிறார் என்று உன் அம்மா அவருக்கு நார்மல் என்றே பெயர் வைத்தாள். ஹூட்டின் கண்ணாடி ஷட்டரில் ஒரு டிஷ்யூத் துண்டை ஒட்டிப் பார்த்தாள். "நான் தனியா இருந்தா வெளிய பறக்குது, யாராவது பாக்க வந்தா நல்ல பிள்ளை மாதிரி உள்ள போயிடுது" என்பாள், நாமும் சிரித்தோம். லேப் அசிங்கமாகத் தெரிகிறது என்று நார்மல் அதைக் கிழித்துப் போட்டார். பிறகு இருமல், பிறகு ஆஸ்பத்திரி. நுரையீரல் போய்விட்டது, எதனால் என்று அடித்துச் சொல்ல முடியாது என்றார் டாக்டர். ஹூட் நார்மல், அதனால் வேலைக்கும் நோய்க்கும் சம்பந்தமில்லை என்றது நிலையம். துக்கம் கேட்க வந்த நார்மல் நம் சோபாவில் உட்கார்ந்து நம் தண்ணீரைக் குடித்துவிட்டு மெதுவான குரலில் "நல்ல ஒர்க்கர். கொஞ்சம் கற்பனை ஜாஸ்தி, அவ்வளவுதான்" என்றார். சமையலறையில் நீ டம்ளரைப் போட்ட சத்தம் எனக்குக் கேட்டது. அன்றைக்குத்தான் நீ கெமிஸ்ட்ரியை வெறுத்தாய், அப்படிப்பட்ட ஆட்கள் இருக்கிற இடத்தில் எனக்கென்ன வேலை, காமர்ஸுக்கு மாறுகிறேன் என்றாய். அன்றைக்குத்தான் எனக்கும் ஒரே ஒரு ஆசை வந்தது, அந்தக் கற்பனை என்ற சொல்லை அவரே நாலு பேர் முன்னால் தன் வாயால் விழுங்க வேண்டும்.

தனியாக விட்டால் நான் யாரையாவது அடித்துவிடுவேன் என்று பயந்து அத்தையும் கிளம்பி வந்தாள், கைப்பையில் தண்ணீர் பாட்டிலும் மாத்திரையும். என் சட்டைப் பையில் ஒரு டிஷ்யூத் துண்டு, அவ்வளவுதான் என் ஆயுதம். வாசலில் கையில் ஸ்டிக்கர் ஒட்டினார்கள். தொளதொள டீ-ஷர்ட் போட்ட மாணவர்கள் வழி காட்டினார்கள். ஒரு பூவைக் குளிர்ந்த திரவத்தில் முக்கி எடுத்துத் தட்டினார்கள், கண்ணாடி மாதிரி உடைந்தது, "நல்ல பூ, பாவம்" என்றாள் அத்தை. மாடியில் சூரியனைக் காட்டும் டெலஸ்கோப் வைத்திருந்தார்கள், அத்தை அந்த விஞ்ஞானியிடம் "இதுல எங்க வீட்டு மொட்டை மாடி தெரியுமா தம்பி, துணி காயப் போட்டிருக்கேன்" என்று கேட்டாள், வரிசை முழுக்கச் சிரித்தது. அவர் சிரிக்காமல், தெரியாது, ஆனால் ஏன் தெரியாது என்று சொல்கிறேன் என்று ஆரம்பித்தார், நல்ல மனுஷன். இந்தக் கட்டடத்தில் எல்லாரும் கெட்டவர்கள் இல்லை என்பதே எனக்கு அன்று எரிச்சலாக இருந்தது.

மூன்றாவது மாடி. லேப் கதவு அகலத் திறந்திருந்தது, சாத்திக்கொள்ளாமல் இருக்க ஒரு சாம்பல் நிற நாற்காலியை முட்டுக் கொடுத்திருந்தார்கள். நாற்காலியில் உன் பழைய ஜீன்ஸைக் கிழித்து அவள் தைத்த குஷன். நான் அதைத் தாண்டி எப்படி உள்ளே போனேன் என்று தெரியவில்லை. உள்ளே ஒரு கும்பல், ஹூட் முன்னால் டீ-ஷர்ட் போட்ட ஒரு பெண், பக்கத்தில் மார்பில் 'என்னைக் கேளுங்கள்' என்ற பட்டையுடன் நார்மல். என் தாடியில் அவருக்கு அடையாளம் தெரியவில்லை. அந்தப் பெண் ஒரு கிண்ணம் வெந்நீரில் உலர்பனியை, அதுதான் டிரை ஐஸைப் போட்டு ஹூட்டுக்குள் வைத்தாள், வெள்ளை வெளேரென்று ஆவி கிளம்பி அப்படியே பின்பக்கமாகச் சுருண்டு மேலே போனது. "கெட்ட ஆவி எல்லாம் இப்படித்தான் மேல ஃபேன் வழியா கூரைக்கு வெளிய போயிடும், நம்ம மூக்குக்கு வரவே வராது" என்றாள். நான் சோதித்துப் பார்க்கலாமா என்று கேட்டேன். "தாராளமா அங்கிள், இன்னைக்கு எல்லாருமே சயின்டிஸ்ட்தான்" என்றாள். டிஷ்யூவை நீட்டினேன். ஃபேன் செத்துப்போயிருக்கும், துண்டு அசையாமல் தொங்கும், உடனே பேச வேண்டியதையெல்லாம் மனப்பாடம் பண்ணி வைத்திருந்தேன். துண்டு விறைத்துக்கொண்டு ஹூட்டுக்குள் காட்டியது, ஒரு குறையும் சொல்ல முடியாது. கூட்டம் 'ஓ' என்றது. நார்மல் என் தோளில் தட்டி "பாத்தீங்களா, எல்லாம் நார்மல்" என்றார். அந்தக் கையை முறிக்காமல் வெளியே வந்தேன் பார், அதற்கு அத்தைதான் காரணம், என் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்திருந்தாள்.

படிக்கட்டுக்கு அடியில் நின்றுதான் உனக்குப் போன் செய்தேன். "அங்க எதுக்குப்பா போன, யாரு ஒன்னப் போகச் சொன்னா" என்று நீ கத்தினாய். ஹூட் நன்றாக இழுக்கிறது, அந்த ஆள் ஜெயித்துவிட்டான் என்று சொன்னேன். பிறகு சின்னக் குரலில் கேட்டாய், "அப்பா, கதவு தொறந்திருந்துதா, மூடியிருந்துதா?" நான் முழித்தேன். "சாயங்காலம் கெளம்பும்போது அந்த ரூம் கதவத் தள்ள முடியலன்னு அம்மா சொல்வாங்கள்ல, அத்தை மாதிரி கையப் பிடிச்சு இழுக்குதுன்னு. கதவ எதுப்பா இழுக்கும்? காத்துதானே?" என்றாய். அங்கேயே போனை வைத்துவிட்டேன். நான் லிஃப்ட் என்ஜினியர், கதவு மூடாமல் என் தொழிலில் எதுவுமே அசையாது, எனக்குத் தோன்றவில்லை, எவ்வளவோ தூரத்தில் ஹாஸ்டல் கட்டிலில் படுத்துக்கொண்டிருந்த உனக்குத் தோன்றியது. அந்த நாற்காலியும் அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அளக்க வருகிறவர்கள் வயரும் கருவியுமாக வருவார்கள், கதவு இடிக்கக் கூடாது என்று அவளே எழுந்து தன் நாற்காலியைக் கொண்டுபோய் முட்டுக் கொடுப்பாள். பார்க்க வருகிற ஒவ்வொருவரும் கதவைத் திறந்துகொண்டுதான் வந்தார்கள். அவள் மரியாதையே அவளைப் பொய்க்காரி ஆக்கிவிட்டது.

திரும்பி மேலே போனேன். அத்தையிடம் "அக்கா, நீ வெளிய நின்னு கொஞ்ச நேரம் யாரையும் உள்ள விடாத" என்றேன். "என்னடா சொல்லி நிறுத்த?" என்றாள். "எப்பவும் பேசுற மாதிரி பேசு" என்றேன். நாற்காலியைத் தூக்கி உள்ளே வைத்தேன். கதவை மூடக் கூடாது அங்கிள், கூட்டம் இருக்கிறது என்றாள் அந்தப் பெண். "ஒரு சின்ன டவுட்டும்மா. தெனமும் வேலை பாக்கும்போது கதவு தொறந்திருக்குமா, மூடியிருக்குமா?" என்று கேட்டேன். மூடித்தான் இருக்கும், இல்லாவிட்டால் நாற்றம் ஆபீஸுக்குப் போகும், அது ரூல் என்றாள். அப்படியானால் மூடியே பார்த்துவிடலாம் என்றேன். நார்மல் சிரித்துக்கொண்டே "பாக்கட்டும்மா, கேள்வி கேக்கத்தானே கூப்பிட்டிருக்கோம்" என்றார். அவர் வாயாலேயே அனுமதி. கிண்ணத்தில் இருந்தது வெறும் உலர்பனி, ஒரு நிமிஷத்தில் யாருக்கும் ஒன்றும் ஆகாது, அதையும் யோசித்துக்கொண்டுதான் மூடினேன்.

கதவு சாத்தியதும் அதன் அடி இடுக்கில் விசில் மாதிரி ஒரு சத்தம் கிளம்பியது. ஆவி தயங்கி நின்றது, எந்தப் பக்கம் போவது என்று தெரியாத ஆள் மாதிரி. பிறகு பால் பொங்குவது போல ஷட்டருக்கு அடியில் பொங்கி எங்கள் பக்கமாக வழிந்து, தரையில் இறங்கி, நார்மலின் பாலிஷ் போட்ட ஷூவை மூடியது. என் கையில் இருந்த டிஷ்யூ திரும்பி வந்து என் தாடியில் ஒட்டியது. பிள்ளைகள் எல்லாம் ஹே என்று கை தட்டினார்கள், வித்தை என்று நினைத்துவிட்டார்கள். யூனிஃபார்மோடு பிள்ளைகளைக் கூட்டி வந்திருந்த ஒரு பஸ் கண்டக்டர் "சார், இது ஷோவுக்காகப் பண்றதா, நெஜமாவே இப்படித்தானா?" என்று பஸ் முழுக்கக் கேட்கிற குரலில் கேட்டார். நார்மல், அது வந்து, காற்றோட்டம் என்பது என்று இழுத்தார். கண்டக்டர் விடவில்லை, "ஷோவா நெஜமா, ஒண்ணு சொல்லுங்க சார், பசங்க கேக்குறாங்க" என்றார். நார்மல் தன் மார்பில் இருந்த பட்டையைக் குனிந்து பார்த்தார். "நெஜம்தான்" என்றார்.

அந்த ஒரு சொல் போதும் என்று நினைத்தேன், ஆனால் பிள்ளைகள் ஏன் ஏன் என்று பிடித்துக்கொண்டார்கள், அவரும் சொல்ல ஆரம்பித்தார். படித்தவர்தான், பார்த்த மாத்திரத்தில் அவருக்குப் புரிந்துவிட்டது. உள்ளறையில் ஒரு பெரிய ஹூட் இருக்கிறது, அதில் பாட்டில்கள் இருப்பதால் அதை நிறுத்துவதே இல்லை, ஜன்னல்கள் ஏசிக்காக அடைத்தவை, கதவையும் மூடினால் அந்தப் பெரிய ஃபேனுக்குக் காற்று கிடைக்க வேறு வழியில்லை, அதனால் இந்தச் சின்ன ஹூட்டின் குழாய் வழியாகவே காற்றை உள்ளே இழுக்கிறது, மேலே போக வேண்டிய ஆவி மனிதர் முகத்துக்கு வருகிறது. சொல்லச் சொல்ல அவர் குரல் இறங்கிக்கொண்டே போனது. கண்டக்டர் கேட்டார், "அப்ப தெனமும் இங்க நின்னு வேலை பாத்தவங்க கதி?" அடி இடுக்கு மட்டும் விசில் அடித்துக்கொண்டிருந்தது. நான்தான் பதில் சொன்னேன், அவர் நம் சோபாவில் உட்கார்ந்து சொன்ன அதே மெதுவான குரலில். "அவங்களுக்குக் கொஞ்சம் கற்பனை ஜாஸ்தி, அவ்வளவுதான்." நார்மல் நிமிர்ந்தார். தாடிக்குள்ளே இருந்த ஆளை அப்போதுதான் பார்த்தார். அவர் முகம் போன போக்கை நான் பார்த்தேன், நன்றாக நின்று பார்த்தேன். பொய் சொல்ல மாட்டேன், இனித்தது. இத்தனை மாதத்தில் என் நாக்குக்குத் தெரிந்த முதல் ருசி அதுதான்.

கதவைத் திறக்கப் போனேன். வெளிப்பக்கம் திறக்கிற கதவு, தள்ளினால் வரவில்லை. உள்ளே யாரோ பிடித்து இழுப்பது போலவே இருந்தது. அந்தப் பக்கம் அத்தையின் குரல் கேட்டது, "இருங்க தம்பி, ஒரே ஒரு விஷயம்" என்று யாரையோ நிறுத்திவைத்துப் பேசிக்கொண்டிருந்தாள். இரண்டு அத்தைகளுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு நின்றேன். அப்போதுதான், குண்டூசி, தோளைக் கொடுத்துத் தள்ளும்போதுதான், அவள் தினமும் தள்ளியது என் தோளில் தெரிந்தது. திறந்ததும் ஆவி நல்ல பிள்ளையாக ஹூட்டுக்குள் திரும்பிப் போனது. பிள்ளைகள் மறுபடி கை தட்டினார்கள்.

கீழே தண்ணீர்க் குழாய் பக்கம் நார்மல் ஓடி வந்தார். "என் ரூம்ல உக்காந்து பேசலாமே" என்றார். "கதவைத் தொறந்து வச்சா, மூடி வச்சா?" என்று கேட்டேன். அங்கேயே நின்றுவிட்டார். திங்கட்கிழமை முதல் அந்த லேபை நிறுத்துகிறேன், காற்று வர வழி வைக்கிறேன், மன்னித்துவிடுங்கள் என்றார். மன்னிக்கிறது என் டிபார்ட்மெண்ட் இல்லை என்றேன். என் வீட்டுக்குள் நுழைந்து செத்தவளைப் பைத்தியக்காரி மாதிரி பேசிவிட்டுப் போனவருக்கு ஒரு சனிக்கிழமை போதாது. கதவை மூடி வைத்து எல்லா ஹூட்டையும் மறுபடி அளக்க வேண்டும், வெளி ஆள் வந்து அளக்க வேண்டும் என்றேன். அடுத்தது, என்ன நடந்தது, ஏன் நடந்தது, நீங்கள் கிழித்துப் போட்ட டிஷ்யூ சொன்னது உண்மைதான் என்று கையெழுத்துப் போட்டு என் மகளுக்கு எழுத வேண்டும் என்றேன். "சின்னப் பொண்ணு, இதெல்லாம் அவளுக்குப் புரியுமா" என்றார். பார், அப்போதுகூட. "கேள்வியே அவளோடதுதான்" என்றேன். குஷனை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன், நாற்காலியை அவர்களே வைத்துக்கொள்ளட்டும். பஸ்ஸில் அத்தை அதை மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். நம் ஸ்டாப் வரும்வரை ஒரு விஷயம்கூடப் பேசவில்லை.

இனி உன் பேச்சு. அவர் கடிதம் வரும். வழவழவென்று இருக்கும், படமும் எண்களும் இருக்கும், தன் தப்பை இரண்டாம் பக்கத்தில் எங்காவது சின்னதாக மடித்து வைத்திருப்பார், லிஃப்ட் என்ஜினியருக்கு அது தெரியப்போவதில்லை என்று அவருக்குத் தெரியும். உனக்குத் தெரிய வேண்டும். காமர்ஸ் படித்தால் அந்தக் கடிதத்தை நீ ஒரு நல்ல பெண் மாதிரி வாசித்துவிட்டு மடித்து வைப்பாய். கெமிஸ்ட்ரி படித்தால் சிவப்புப் பேனாவை எடுப்பாய். தப்பு இருந்தால் வட்டம் போட்டுத் திருப்பி அனுப்பு, மறுபடி எழுதச் சொல், சரியாக வரும்வரை விடாதே. அப்படிப்பட்ட ஆட்கள் இருக்கிற இடத்தில் எனக்கென்ன வேலை என்று கேட்டாய். இதுதான் வேலை. உலகத்துக்கு நல்லது செய்யப் படி என்று சொல்ல எனக்கு இப்போது மனசு இல்லை, அது பிறகு வந்தால் வரட்டும். யாரும் உன்னிடம் நார்மல் என்று சொல்லிவிட்டுச் சுலபமாக நகர்ந்துபோக முடியாதபடி படி. வெங்காயத்தையெல்லாம் உரித்துப் போட்டவள் நீ, அதே மாதிரி உரி.

உடம்பைப் பார்த்துக்கொள். தலை காயாமல் வெளியே போகாதே. உன் கண்ணும் மூக்கும் கேள்வியும் நீண்ட காலம் நன்றாக இருக்க வேண்டும், அதற்குமேல் எனக்கு வேண்டிக்கொள்ளத் தெரியவில்லை. அந்த டிஷ்யூத் துண்டை இதோடு வைத்திருக்கிறேன், கசங்கியிருக்கும், நீவிக்கொள். திங்கட்கிழமை உன் லேபுக்குப் போனதும் எதையும் தொடுவதற்கு முன்னால் ஹூட்டில் ஒட்டி, கதவை மூடிவிட்டுப் பார், மறந்துவிடாதே. அது உன் முகத்தைப் பார்த்துத் திரும்பினால் உடனே கிளம்பு, யாருக்கும் மரியாதை பார்க்காதே. கதவு பிடித்து இழுத்தால் தோளைக் கொடுத்துத் தள்ளிவிட்டு வெளியே வா. உன் அம்மா தினமும் அப்படித்தான் நம்மிடம் வந்துசேர்ந்தாள்.

இப்படிக்கு,
உன் ஜீன்ஸ் குஷனில் உட்கார்ந்து எழுதும்
அப்பா